எத்தனை கிராம் மரம், எத்தனை பவுண்டு இழுவை?

கேள்வி: தென்காசிப் பக்கம் மரவேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் பழைய முறையில் மர வில் செய்யப் பழகி வருகிறேன். காய்ந்த தடசுப் பலகை ஒன்று கிடைத்தது. அதிலிருந்தே இரண்டு வில் எடுத்தேன். இரண்டும் 168 செ.மீ. நீளம். இரண்டும் 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு காட்டுகின்றன. முதல் வில் பிடியை ஒட்டிய இடத்தில் 28 மி.மீ. அகலம், 14 மி.மீ. தடிமன், மொத்த எடை 410 கிராம். சில நாள் எய்வதற்குள்ளேயே, நாணைக் கழற்றினாலும் நிமிராமல் நுனிகள் 6 செ.மீ. வளைந்து நிற்கின்றன, உட்புறத்தில் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிகின்றன. இரண்டாவது வில் 55 மி.மீ. அகலம், 11 மி.மீ. தடிமன், நுனிப்பக்கத்திலும் 30 மி.மீ. அகலம், எடை 680 கிராம். அது நேராகவே இருக்கிறது, ஆனால் அம்பு வேகமாகப் போகவில்லை. ஒரே பலகை, ஒரே இழுவை, ஏன் இப்படி? தடிமனைக் கூட்டினால் வேகம் வரும் என்கிறார் நண்பர். கை பழகினால் போதும், கணக்கு எதற்கு என்கிறார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசாரி. இழைப்புளியைத் தொடுவதற்கு முன்பே அகலம், தடிமன், எடை மூன்றையும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

– வாசகர், தென்காசி

பதில்: முடியும். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வில்லை எடைபோட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் இழுவையை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். 410 கிராம், 680 கிராம் என்ற இரண்டு எண்களைப் பார்த்ததுமே முதல் வில்லில் மரம் போதவில்லை, இரண்டாவதில் மரம் மிகுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஏன் அப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். +1 இயற்பியலுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைக் கைகள் என்று சொல்கிறேன். இலக்கைப் பார்க்கும் முகம் வெளிப்புறம், எய்பவரைப் பார்க்கும் முகம் உட்புறம். நாணை இழுக்கும்போது வெளிப்புற இழைகள் நீள்கின்றன, உட்புற இழைகள் நசுங்குகின்றன. மரத்துக்கு இழுபடும் வலிமை அதிகம், நசுங்கலைத் தாங்கும் வலிமை குறைவு. அதனால்தான் உங்கள் முதல் வில்லில் கோடுகள் உட்புறத்தில் வந்தன. அவை மரத்தின் நுண்குழல்கள் மடிந்து நொறுங்கிய தடங்கள்.

முதலில் ஆற்றலைக் கணக்கிடுவோம். 40 பவுண்டு என்பது சுமார் 18 கிலோ. நாண் ஏற்றிய நிலையில் பிடிக்கும் நாணுக்கும் இடையே 15 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 71 செ.மீ. வரை இழுக்கும்போது நாண் நகரும் தூரம் 56 செ.மீ. இழுவை பூச்சியத்தில் தொடங்கி ஏறக்குறைய சீராக 18 கிலோவுக்கு ஏறுகிறது. ஆகவே ஆற்றல் 18-இல் பாதியை 56-ஆல் பெருக்கினால் வருவது: 504 கிலோ-செ.மீ., அதாவது ஏறத்தாழ 50 ஜூல். நாண் ஏற்றும்போதே மரத்துக்குள் கொஞ்சம் ஆற்றல் போய்விடுகிறது. அது அம்புக்குத் திரும்பி வராது, ஆனால் மரம் அதையும் சுமக்க வேண்டும். அதற்கு ஒரு 10 ஜூல். ஆக, முழு இழுவையில் மரம் தாங்க வேண்டியது 60 ஜூல்.

இந்த 60 ஜூலைத் தாங்க எவ்வளவு மரம் வேண்டும் என்பதுதான் வில் வடிவமைப்பின் நடுநாயகமான கேள்வி என்பது என் கருத்து. நீளம், அகலம், தடிமன் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை. செவ்வக வெட்டு கொண்ட கை சீராக வளைந்தால், ஒரு கன சென்டிமீட்டர் மரத்தில் தேங்கும் ஆற்றல் யங் குணகத்தைத் திரிபின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தது. இங்கே திரிபு என்பது மேல்பரப்பு இழை தன் நீளத்தில் எத்தனை சதவீதம் நீள்கிறது அல்லது நசுங்குகிறது என்பது. நல்ல வில் மரம் ஒன்றுக்கு யங் குணகம் 12 கிகாபாஸ்கல், தாங்கும் திரிபு 0.8 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் கன சென்டிமீட்டருக்கு 0.128 ஜூல் வருகிறது. அடர்த்தி 0.71 என்றால் ஒரு கிராமுக்கு 0.18 ஜூல். 60-ஐ 0.18-ஆல் வகுத்தால் சுமார் 330 கிராம்.

இது வேலை செய்யும் மரம் மட்டும். வளையாத பிடிக்கும் நுனிகளுக்கும் 140, 150 கிராம் சேருங்கள். கைகளின் எல்லா இடமும் முழுத் திரிபை எட்டாது என்பதற்காக இன்னும் ஒரு 30, 40 கிராம். உங்கள் வில் 500 முதல் 520 கிராமுக்குள் வந்திருக்க வேண்டும். 410-உம் 680-உம் எந்தப் பக்கம் விலகியிருக்கின்றன என்பது இப்போது தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எந்த மரமானாலும் அதன் செல் சுவரின் அடர்த்தி ஏறத்தாழ 1.5 தான். கனமான மரத்துக்கும் லேசான மரத்துக்கும் வேறுபாடு உள்ளே இருக்கும் வெற்றிடத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. லேசான மரத்தின் யங் குணகமும் பொதுவாக அதே அளவுக்குக் குறைகிறது. ஆகவே கன சென்டிமீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் என்பது மரத்துக்கு மரம் மிகவும் மாறும். கிராமுக்கு எவ்வளவு என்பது அவ்வளவு மாறாது. லேசான மரத்தில் செய்தால் வில் அகலமாகும், கனமான மரத்தில் செய்தால் குறுகும், எடை மட்டும் அக்கம்பக்கமாக வந்து நிற்கும். டென்மார்க்கில் ஹோல்மகோர்ட் சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான எல்ம் மர வில்களின் கைகள் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கின்றன. எல்ம் மிகக் கனமான மரம் அல்ல. அதை அகலமாக விட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அனுபவமாகத் தெரிந்திருந்தது.

அமெரிக்க வில் கைவினைஞர் ஸ்டீவ் கார்ட்னர் இதையே ஒரு வேலை முறையாக்கி, 2008-இல் வந்த 'டிரடிஷனல் போயர்ஸ் பைபிள்' நான்காம் தொகுதியில் எழுதினார். நீளமும் இழுவையும் வடிவமும் முடிவானால் வில்லின் எடையும் பெரும்பாலும் முடிவாகிவிடும். அந்த எடைக்குக் கீழே போனால் மரம் வளைந்தபடி தங்கிவிடும், மேலே போனால் வேகம் குறையும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் தம் அனுபவ அளவுகளிலிருந்து அங்கே போனார். நான் மேலே போட்டது ஆற்றல் கணக்கு. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது எனக்கு இந்த முறையின்மேல் நம்பிக்கை தருகிறது.

இனி தடிமன். இங்குதான் உங்கள் நண்பர் சொல்வதை நான் கடுமையாக மறுக்கிறேன். திரிபு என்பது தடிமனை வளைவின் ஆரத்தைப் போல இரு மடங்கால் வகுத்தது. அகலம் இதில் வரவே இல்லை. 168 செ.மீ. வில்லை 28 அங்குலம் இழுக்கும்போது கைகள் ஏறத்தாழ 80 செ.மீ. ஆரமுள்ள வட்ட வில்லாக வளைகின்றன. 0.8 சதவீதத் திரிபுக்கு வரும் தடிமன் 2 × 80 × 0.008, அதாவது 1.28 செ.மீ. கிட்டத்தட்ட 13 மி.மீ. உங்கள் முதல் வில்லின் 14 மி.மீ. தடிமனுக்குத் திரிபு 0.88 சதவீதம். இரண்டாவதின் 11 மி.மீ.க்கு 0.69 சதவீதம். ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மரம் நசுங்கத் தொடங்கும் எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதை அந்த ஒரு மில்லிமீட்டர்தான் முடிவு செய்தது.

விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. தடிமனோடு அதன் மூன்றாம் படியாகக் கூடுகிறது. தடிமனை 10 சதவீதம் கூட்டினால் இழுவை 33 சதவீதம் எகிறும், திரிபும் 10 சதவீதம் ஏறும். அகலத்தை 10 சதவீதம் கூட்டினால் இழுவை 10 சதவீதம் ஏறும், திரிபு அப்படியே நிற்கும். இழுவை போதவில்லை என்றால் அடுத்த வில்லை அகலமாக எடுங்கள். தடிமன் மரத்தின் தாங்குதிறனும் வில்லின் நீளமும் சேர்ந்து விதிக்கும் எல்லை. அதில் நம் ஆசைக்கு இடமில்லை.

அகலத்துக்கு ஒரு வரைபடத் தாள் வேண்டும். நாலில் ஒரு பங்கு அளவில் வில்லை முழு இழுவையில் வரையுங்கள். பிடியின் பாதி 10 செ.மீ., அதற்கு மேல் 80 செ.மீ. ஆரத்தில் வளையும் கை, நுனியிலிருந்து விரல்வரை நாண். நான் வரைந்து பார்த்தபோது நாணின் ஒவ்வொரு பாதியிலும் இழுவிசை சுமார் 19 கிலோ வந்தது. கை தொடங்கும் இடத்திலிருந்து நாணுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு அளந்தால் 58 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் அந்த இடத்தை வளைக்கும் திருப்புத்திறன் சுமார் 1,100 கிலோ-செ.மீ. அகலம் வேண்டுமானால் 12-ஐயும் இந்தத் திருப்புத்திறனையும் ஆரத்தையும் பெருக்கி, யங் குணகத்தாலும் தடிமனின் மூன்றாம் படியாலும் வகுக்க வேண்டும். யங் குணகம் கிலோ-சென்டிமீட்டர் அலகில் சுமார் 1,22,700. விடை 4.1 செ.மீ.

இதே செங்குத்துக் கோட்டைக் கையின் நடுவிலிருந்தும் நுனிக்கு அருகிலிருந்தும் போட்டுப் பாருங்கள். நுனியை நோக்கிப் போகப்போக அது கிட்டத்தட்டச் சீராகக் குறைந்து பூச்சியமாகிறது. வளைக்கும் திறன் அப்படிக் குறையும்போது, தடிமனை மாற்றாமல் அகலத்தை மட்டும் முக்கோணம் போலக் குறைத்துக்கொண்டு வந்தால் கை முழுதும் ஒரே ஆரத்தில் வளையும்; எல்லா இழையும் ஒரே அளவு வேலை செய்யும். அடியில் 41 மி.மீ. தொடங்கி நுனியில் நாண் தங்குவதற்குத் தேவையான 11, 12 மி.மீ.யில் முடியும் நேர்கோடு போதும். இந்த அளவுகளைப் பெருக்கிக் கன அளவும் எடையும் போட்டால் இரண்டு கைகளும் சேர்ந்து ஏறத்தாழ 350 கிராம் வரும், 330-ஐ ஒட்டிய எண்தான். ஆற்றல் கணக்கும் விறைப்புக் கணக்கும் வெவ்வேறு வாசலில் நுழைந்து ஏறத்தாழ ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சந்திக்கவில்லை என்றால் எங்கோ ஒரு பெருக்கல் தவறியிருக்கிறது என்று பொருள். மரத்தை வெட்டும் முன் திரும்பப் பாருங்கள்.

மேலே உள்ள அத்தனையும் இரண்டு எண்களை நம்பி நிற்கிறது: 12 கிகாபாஸ்கல், 0.8 சதவீதம். இவற்றை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்காதீர்கள். தடசு கோடரிக் காம்புக்கு நம்பி எடுக்கும் மரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே மரத்தின் இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. உங்கள் பலகையில் மிச்சம் இருக்குமே, அதிலிருந்து 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன், 65 செ.மீ. நீளத்தில் ஒரு குச்சி இழைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டூல்களை 60 செ.மீ. இடைவெளியில் வைத்துக் குச்சியைக் குறுக்கே போடுங்கள். நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

5 கிலோவில் நடுப்பகுதி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். எடையை 60-இன் மூன்றாம் படியால், அதாவது 2,16,000-ஆல் பெருக்கி, இறக்கத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் யங் குணகம் கிடைக்கும். குச்சி 1 செ.மீ. சதுரம் என்பதால் அகலமும் தடிமனும் கணக்கில் தாமாக விலகிவிடுகின்றன. 2.2 செ.மீ. இறங்கினால் 1,22,700, நான் எடுத்துக்கொண்ட எண் அதுதான். உங்கள் குச்சி 1.8 இறங்கினால் மரம் இன்னும் விறைப்பு, 2.8 என்றால் நெகிழ்வு. அந்த எண்ணை அகலச் சூத்திரத்தில் போடுங்கள்.

அடுத்தது தாங்குதிறன். இந்த அளவுக் குச்சியில் ஒவ்வொரு 6 மி.மீ. இறக்கமும் 0.1 சதவீதத் திரிபு. 36 மி.மீ. வரை இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, வாளியை எடுத்துவிட்டு, குச்சியின் ஓரத்தில் நூலைப் பிடித்துப் பாருங்கள். நேராகத் திரும்பியிருக்கும். பிறகு 42, 48, 54 என்று போங்கள். எந்த இறக்கத்துக்குப் பிறகு குச்சி நூலோடு ஒட்டாமல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளைந்து தங்குகிறதோ, அதற்கு முந்தைய படிதான் உங்கள் மரத்தின் எல்லை. 48 மி.மீ.யில் தங்கினால் 0.7 சதவீதத்துக்கு மேல் அந்த மரத்தை நம்பாதீர்கள். தடிமன் 11 மி.மீ.யாகக் குறையும், அகலம் 60 மி.மீ.யைத் தாண்டும். 54 மி.மீ.யையும் தாங்கினால் 14 மி.மீ. தடிமனே சரியாக இருக்கும். உங்கள் முதல் வில் 0.88-இல் நொறுங்கியதால் இந்தப் பலகையின் எல்லை அதற்குக் கீழே என்று இப்போதே தெரியும். குச்சி அதைத் துல்லியமாக்கும்.

குச்சியை வெளிச்சத்தில் திருப்பி ரேகை ஓட்டத்தையும் பாருங்கள். ரேகை பக்கவாட்டில் ஓடி விளிம்பை விட்டு வெளியேறினால் அந்தப் பலகைக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. இழை அறுந்த இடத்தில் வெளிப்புறம் சிராய் கிளம்பி வில் முறியும்.

ஈரம் இன்னொரு எதிரி. உங்கள் ஊரில் சாரல் பிடித்துவிட்டால் காய்ந்த மரமும் காற்றிலிருந்து ஈரம் வாங்கும். ஈர மரம் எளிதில் முறியாது, ஆனால் வளைந்தபடி தங்கிவிடும். 8 முதல் 10 சதவீத ஈரம் வில்லுக்கு நல்லது. அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், எடை மெஷினே போதும். பலகையை முரட்டு வடிவத்துக்கு வெட்டி, சமையலறையில் உலர்ந்த மூலையில் வைத்து, வாரம் ஒரு முறை எடைபோட்டுப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைவது நின்றால் மரம் அந்த அறைக்கு ஏற்பக் காய்ந்துவிட்டது. சாரல் காலத்தில் இதைச் செய்து பார்த்து 'காய்ந்துவிட்டது' என்று முடிவுகட்ட வேண்டாம். வெயில் நாளில் ஒரு முறை சரிபாருங்கள்.

உங்கள் இரண்டாவது வில்லுக்கு வருகிறேன். அதில் மரம் மிகுதி, அந்த மிகுதியும் தவறான இடத்தில் இருக்கிறது. பிடிக்கு அருகில் 50 கிராம் கூடுதலாக இருந்தால் பெரிய இழப்பில்லை; அந்த மரம் அதிகம் நகர்வதில்லை. நுனியில் 10 கிராம் கூடினால் அம்பு உணரும். நாணை விட்டதும் தேங்கிய ஆற்றலை அம்பும் கைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் இதை எளிதாகச் சொல்ல ஒரு வழி கண்டார்: கைகளும் நாணும் எடுத்துக்கொள்ளும் ஆற்றலை, அம்போடு சேர்ந்து பறக்கும் ஒரு கற்பனை எடையாக எண்ணிக்கொள்வது. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ் ஹிக்மன், ஃபாரஸ்ட் நாக்லர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரைகளைத் திரட்டி 1947-இல் 'ஆர்ச்சரி: தி டெக்னிகல் சைட்' என்று ஒரு நூல் வந்தது. தட்டையான செவ்வக வெட்டுக் கைகளின் மேன்மையைக் கணக்கால் நிறுவியதில் ஹிக்மனுக்குப் பெரும் பங்கு உண்டு.

உங்கள் அளவுக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பு 26 கிராம், ஆற்றல் 50 ஜூல். கற்பனை எடை 12 கிராம் என்றால் அம்புக்குப் போவது 38-இல் 26 பங்கு, அதாவது 68 சதவீதம். வேகம் நொடிக்கு 51 மீட்டர். நுனி தடித்துக் கற்பனை எடை 18 கிராம் ஆனால் 59 சதவீதம்தான் போகும். வேகம் 48 மீட்டருக்குச் சற்றுக் கீழே. இழுவையில் மாற்றமே இல்லாமல் நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் போய்விடுகிறது.

முதல் வில்லின் இழப்பு வேறு வகை. கைகள் வளைந்து தங்கிவிட்டதால் நாண் தளர்வாகத் தொடங்குகிறது. இழுவையின் முதல் பாதியில் கிலோ மெதுவாகவே ஏறுகிறது, கடைசியில் அவசரமாக ஏறி 40 பவுண்டைத் தொடுகிறது. முடிவு எண் ஒன்றுதான். இடையில் தேங்கிய ஆற்றல் குறைவு. இதனால்தான் இழுவை எண்ணை மட்டும் வைத்து வில்லை மதிப்பிடக் கூடாது என்று சொல்கிறேன். ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் இழுவையைக் குறித்து வரைபடமாகப் போடுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வில்.

செதுக்கும்போது எடை மெஷினைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முரட்டு வடிவத்தில் அகலத்தைக் கணக்கைவிட 3, 4 மி.மீ. கூட்டி, தடிமனை 15 மி.மீ. விட்டுத் தொடங்குங்கள். வில்லைச் சுவர்க் கொக்கியில் கிடையாக மாட்டி, கப்பியில் கயிறு போட்டு, தொங்கு தராசு வழியாகத் தள்ளி நின்று இழுங்கள். முறிந்தால் மரத்துண்டு முகத்துக்கு வராது. இரு கைகளும் ஒன்றுபோல் வளைவதைக் கண்ணால் பார்த்து உட்புறத்தைச் சுரண்டுவது உங்கள் ஆசாரி சொல்லும் கைப்பழக்கம். அதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. கணக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும், எங்கே விறைப்பாக இருக்கிறது என்பதை விரலும் கண்ணும்தான் சொல்லும். ஆனால் எதைச் சுரண்டுவது, உட்புறத்தையா பக்கவாட்டையா என்ற கேள்விக்கு எடைதான் விடை சொல்லும். பாதி தூரம் இழுக்கும்போது இழுவை எதிர்பார்த்தபடி இருந்து, எடை இன்னும் 620, 640 என்று நின்றால் பக்கவாட்டில், அதிலும் நுனியை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில், குறையுங்கள். மாறாக, எடை 500-க்கு வந்துவிட்டது, இழுவை இன்னும் மிக அதிகம் என்றால் வில் குறுகித் தடித்திருக்கிறது. அப்போது 40 பவுண்டு ஆசையை விட்டுவிட்டு உட்புறத்தைச் சுரண்டி 32 பவுண்டில் நிறுத்துங்கள். வேலை செய்யும் மரம் இழுவையோடு நேர்விகிதம் என்பதால் 330 கிராம் தேவை 265-ஆகக் குறையும். இருக்கும் மரம் அதைத் தாங்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் நாணைக் கழற்றி, வில் எவ்வளவு வளைந்து தங்கியிருக்கிறது என்று நூல் பிடித்து அளந்து பாருங்கள். இழுவை நீளத்தைக் கூட்டிய பிறகு, முன்பு இழுத்த அதே குறைந்த தூரத்துக்கு மீண்டும் இழுத்துப் பாருங்கள். அங்கே கிலோ குறைந்திருந்தால் மரம் அந்த நொடியில்தான் நசுங்கியிருக்கிறது. அதற்கு மேல் இழுக்காமல் நிறுத்திவிடுங்கள்.

இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பல் 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்டது. அதிலிருந்து 130-க்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. அவை குறுகித் தடித்தவை. அப்படியானால் நீங்கள் சொல்லும் கணக்கு எங்கே போயிற்று என்று கேட்கலாம். யூ மரம் நம் மரங்களைவிட அதிகத் திரிபைத் தாங்கும், அந்த வில்களின் நீளமும் 2 மீட்டரை ஒட்டியது, ஆரம் பெரியது. தடிமன் சூத்திரத்தில் இரண்டையும் போட்டால் தடித்த வில்தான் விடையாக வரும். அதைப் பார்த்துத் தடசிலோ வேறு மரத்திலோ அதே வெட்டைச் செய்தால் உங்கள் முதல் வில்லின் கதைதான்.

கையில் உள்ள இரண்டையும் என்ன செய்வது? இரண்டாவதைக் காப்பாற்றலாம். அடிப்பகுதியைத் தொடாதீர்கள். நடுவிலிருந்து நுனிவரை பக்கவாட்டில் நேர்கோடாகக் குறைத்து 30 மி.மீ.யை 12-க்குக் கொண்டுவாருங்கள். சில பவுண்டு இழுவை குறையும், நுனிப்பக்கம் கூடுதலாக வளையத் தொடங்கும். வளைவைத் திரும்பச் சீர்படுத்துங்கள். 35 பவுண்டை ஒட்டி நின்றாலும் இப்போதைய 40-ஐவிட அம்பு சுறுசுறுப்பாகப் போக வாய்ப்பு அதிகம். முதல் வில்லில் இனி எய்ய வேண்டாம். நொறுங்கிய இழை திரும்பாது, அந்தக் கோடுகள் ஆழமாகும். 

கேள்வி: மர வில்லுக்குச் சொல்லும் இந்த எடைக் கணக்கு மூங்கிலுக்கும் பொருந்துமா?

– வாசகி, கூடலூர்

பதில்: ஆற்றல் கணக்கு பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு. மரப்பலகையில் அடர்த்தி ஓரளவு சீரானது. மூங்கிலில் தோலை ஒட்டிய பகுதியில் இழைகள் நெருக்கம், உள்ளே போகப்போகத் தளர்வு. முழுத்துண்டை எடைபோட்டு வரும் அடர்த்தி இரண்டின் சராசரிதான். உட்பக்கத்தை இழைத்துத் தடிமன் குறைக்கும்போது லேசான பகுதி போய்விடுவதால், மிச்சமிருப்பதன் அடர்த்தியும் யங் குணகமும் ஏறும். ஆகவே வில்லில் கடைசியாக நிற்கப்போகும் தடிமனுக்கே குச்சியை இழைத்துச் சோதியுங்கள். 1 செ.மீ. சதுரக் குச்சி வராவிட்டால் அகலத்தையும் தடிமனின் மூன்றாம் படியையும் வகுத்தியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரிபுக் கணக்கிலும் 6 மி.மீ. என்ற படி மாறும்: தடிமன் 8 மி.மீ. என்றால் 0.1 சதவீதத்துக்கு 7.5 மி.மீ. இறக்கம்.

இரண்டு குச்சி எடுங்கள். ஒன்றைத் தோல் கீழே இருக்கும்படி, அதாவது இழுபடும் பக்கத்தில் தோல் வரும்படி வையுங்கள். மற்றதைத் தோல் மேலே வைத்து அதே எடையைத் தொங்கவிடுங்கள். எது குறைவாக வளைந்து தங்குகிறதோ அந்தப் பக்கமாகவே வில்லைச் செய்யுங்கள். கணுக்களில் தோலைச் சீவாதீர்கள். இழைகள் அங்கே வளைந்து ஓடுகின்றன, சீவினால் அறுந்துவிடும். நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' பிரிவில் எய்பவர்கள் பிடிப்பது மூங்கில் வில்தான். உங்கள் பகுதியில் அந்தப் பிரிவுக்குப் பயிற்சி எடுப்பவர் யாராவது இருந்தால், அவர் வில்லை இரவல் கேட்டு எடையும் அகலமும் தடிமனும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வில்லுக்கு அதைவிட நல்ல தொடக்க எண் கிடைக்காது.